ஒரு சொல் கேட்டு அடுப்பை அணைத்தவள்

சாம்பல்தீவில் சுலோஜனாவின் வீட்டுக்குப் போனால் முதலில் காதில் விழுவது ஓலை கிழிபடுகிற சத்தம். அடுத்தது அவளுடைய குரல். மூன்றாவது சத்தம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது.

ஆள் இல்லாத வீடு அல்ல அது. சுலோஜனா, அவளுடைய புருஷன் சின்னராசா, மகன் நிருபன் என்று மூன்று பேர். சின்னராசா கடலுக்குப் போகிறவர். நிருபனுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு லொறிக் கம்பனியில் வேலை. இந்த இரண்டு ஆண்களும் சாப்பிடுகிறபோது பேசுவதில்லை. தின்பார்கள், கை கழுவுவார்கள், எழும்பிப் போவார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சாது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது.

குறை இருந்தால் மட்டும் வரும். சின்னராசா "உப்பு" என்பார். கூடவா குறையவா என்று சொல்லமாட்டார். அவர் முகத்தைச் சுளித்த அளவை வைத்துச் சுலோஜனா கண்டுபிடிக்கவேண்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால் கறி சரி என்று எடுத்துக்கொள்ளவேண்டும். கலியாணம் முடித்த காலந்தொட்டு அவளுக்குக் கிடைத்த சான்றிதழ் இந்த மௌனம்தான்.

சின்னராசா கெட்ட மனிதர் இல்லை. கரையில் எல்லாரும் அப்படித்தான். அங்கே யாரும் யாருடைய மீனையும் புகழமாட்டார்கள். வள்ளம் நிறையச் சூடைமீன் கொட்டிக் கிடக்கும். "என்ன மாதிரி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். "நல்ல மீன்பாடு" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் கண்ணூறு மாதிரி நாவூறு பட்டுவிடும், அடுத்த நாள் வலை வெறுமனே வரும். அதனால் வாயை இறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். கரையில் கட்டிய அந்த வாயை வீட்டில் அவிழ்க்க மறந்துபோனவர்கள் நிறையப்பேர். சின்னராசா அதில் முன்வரிசை.

சுலோஜனாவோ நேர் எதிர். ஐம்பதைத் தாண்டிய பெண். நடந்தால் ஒழுங்கை அதிரும், சிரித்தால் அடுத்த வளவுக் கோழி கலையும். மாதர் சங்கக் கூட்டத்தில் முன்கதிரையில் இருந்து கணக்குக் கேட்பாள். விடியற்புறம் எழும்பிப் பிட்டு அவித்து, புருஷனுக்கும் மகனுக்கும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு ஓலையோடு இருப்பாள். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, அரிசி புடைக்கிற சுளகு, வெற்றிலைத் தட்டம் எல்லாம் இழைப்பாள். பெட்டியின் ஓரத்தில் சிவப்புச் சாயம் தோய்த்த ஓலையைக் கொடுத்து ஒரு வரி ஓட்டுவாள். அந்த வரியைப் பார்த்தே இது சுலோஜனா கை என்று சொல்லிவிடலாம்.

இழைத்ததைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறித் திருகோணமலைச் சந்தைக்குப் போவாள். அங்கே உம்மு குல்சும் என்கிற கிண்ணியாப் பெண் பாய், பெட்டி, தும்புத்தடி விற்கிற கடை வைத்திருக்கிறாள். உம்மு குல்சும் ஒரு பெட்டியையும் சும்மா வாங்கமாட்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அடியில் பெருவிரலை வைத்து அமத்துவாள். பிறகுதான் தீர்ப்பு.

"இது நல்லம், மாஷா அல்லாஹ். வாய் வட்டம், அடி இறுக்கம். இது என்ன புள்ள? ஆரோட சண்டை பிடிச்சிட்டு இழைச்ச நீ?"

"ஏன் அக்கா?"

"ஒரு பக்கம் இறுகி, மத்தப் பக்கம் தொய்ஞ்சு கிடக்கு. ஆவி எல்லாம் இதால ஓடிப் போகும். இதில பிட்டு அவிச்சா அரைவேக்காடு. வீட்டுக்குக் கொண்டு போய் வெங்காயம் போடு."

சுலோஜனா முகம் கோணமாட்டாள். அவளுக்கு இது பிடிக்கும். பெட்டி விஷயத்தில் தான் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். எது திறம், எது கழிவு என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தி இருக்கிறாள். அந்தப் பெட்டியில் அவிகிற பிட்டைப் பற்றித்தான் உலகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அது அவளுக்கு ஒரு பெரிய விஷயமாக இருந்ததில்லை, மாதர் சங்கத் தலைவி பாக்கியரத்தினம் வீடு தேடி வரும் வரைக்கும்.

பாக்கியரத்தினம் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்கத் தெரியாது. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சுலோ, நிலாவெளி ரோட்டில சங்கத்துக்கு ஒரு கடை கிடைச்சிருக்கு. சாப்பாட்டுக்கடை போடுவமெண்டு முடிவு. காலமை பிட்டு, இடியப்பம். மத்தியானம் சோறு. நீ நடத்து."

"நானோ?"

"பின்ன ஆர்? விடியக் காத்தால எழும்புற ஆள் நீ. வான்காரர், வேலைக்குப் போற சனம் எல்லாம் அந்த ரோட்டாலதான் போகுது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதல் ஓமோ இல்லையோ சொல்லிப்போடு. இல்லையெண்டா வேற ஆளைப் பாக்கோணும்."

"அக்கா, என்ர சமையல் கடைக்குக் காணுமோ?"

"எல்லாரும் நல்லமெண்டுதான் சொல்லுகினம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாருந்தான்" என்றார் பாக்கியரத்தினம், குடையை விரித்தபடி. போய்விட்டார்.

எல்லாரும் என்றால் ஒருவரும் இல்லை என்று சுலோஜனாவுக்குத் தெரியும். கூட்டங்களில் கேட்டுப் பழகிய சொல் அது.

அவளுக்குக் கடை வேண்டும். மனதுக்குள் அன்றைக்கே திறந்துவிட்டாள். எங்கே அடுப்பு, எங்கே மேசை, எந்தக் கறி எந்தச் சட்டியில் என்று சந்தைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தே அடுக்கினாள். ஆனால் சங்கத்துப் பெண்கள் சேர்த்த பணம் அதில் இருக்கிறது. தன் கை கறிக்கு வாய்த்த கை இல்லையென்றால், வந்தவன் ஒரு நாள் தின்றுவிட்டு மறுநாள் எதிர்க்கடைக்குப் போவான். கடை படுத்துவிடும். ஊர் முகத்தில் எப்படி விழிப்பது?

உம்மு குல்சுமிடம் சொன்னாள். "அக்கா, ஒரு நாளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாறன். நீங்கள் சொல்லுங்கோ. பெட்டியைச் சொல்லுற மாதிரி."

"வேணாம்" என்றாள் உம்மு குல்சும். "ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆரும் நல்லமெண்டுதான் சொல்லுவாங்க. நானும் அப்பிடித்தான் சொல்லுவன். ஓசிச் சாப்பாட்டுக்குக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நெடுகத் திங்கிறவன் ஒருத்தன் உன்ட ஊட்டில இருக்கானே, அவனக் கேளு."

கேட்டாள். அன்றைக்குக் கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, சுடச்சுடப் பிட்டு. பின்னேரம் இரண்டு பேரும் மேசையில் இருந்து தின்றுகொண்டிருந்தார்கள். சுலோஜனா குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கறி எப்பிடி?"

"ம்."

"ம் எண்டா?"

"சாப்பிடுறன் தானே" என்றார் சின்னராசா.

"நாயும்தான் சாப்பிடுது. அது வாலையெண்டாலும் ஆட்டுது."

நிருபனுக்குப் புரையேறியது. அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ இளியாத. நீ சொல்லு."

"ஓகே அம்மா."

"ஓகே எண்டா நல்லமோ, கூடாதோ?"

"ஓகே எண்டா ஓகே தானே."

"இஞ்ச பாருங்கோ ரெண்டு பேரும்" என்றாள் சுலோஜனா. "நான் புகழுக்குக் கேக்கேல்லை. கடை எடுக்கிறதோ விடுறதோ எண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் சொல்லோணும். என்ர சமையலைக் காசுக்கு விக்கலாமோ எண்டு எனக்குத் தெரியோணும். உங்கள விட்டா ஆருக்குத் தெரியும்? ஒரு சொல். நல்லம், இல்லாட்டிக் கூடாது."

நிருபன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் கோப்பையைப் பார்த்தார். பிறகு எழும்பிக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். படலையடியில் நின்று கடல் பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இருந்தது. கோபம் மாதிரித் தெரியவில்லை. ஆனால் அது என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"சரி" என்றாள் சுலோஜனா. "நாளையில இருந்து இந்த வீட்டில அடுப்பு எரியாது. சொல்லு வாற அண்டைக்குச் சோறு வரும்."

வேலைநிறுத்தம் என்று இறங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது கோரிக்கையை. பத்துக் கோரிக்கை வைத்தவன் ஒன்பதை விட்டுக்கொடுத்துப் பத்தாவதில் ஏமாறுவான். சுலோஜனாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குச் செலவும் இல்லை. நாக்கை ஒரு தரம் புரட்டினால் காணும். இதைவிட நியாயமான கோரிக்கையை எந்த நிர்வாகமும் கண்டிராது. எந்த நிர்வாகமும் இப்படி அடம்பிடித்தும் இராது.

அடுத்த நாள் காலை சின்னராசா குசினிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டி பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. சுலோஜனா வெளி விறாந்தையில் இருந்து சுளகு இழைத்தாள். பக்கத்தில் தேத்தண்ணி இருந்தது.

"தேத்தண்ணி போட்டிருக்கு" என்றாள். "அது மனிதாபிமானம். மிச்சத்துக்குக் கடை இருக்கு."

கடையில் பாணும் பருப்பும் வாங்கித் தின்றார்கள். பின்னேரம் நிருபன் கொத்துரொட்டிப் பார்சல் கொண்டுவந்தான். முதல் நாள் அது திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் நிருபன் வயிற்றைத் தடவிக்கொண்டு தாயிடம் வந்து குந்தினான்.

"அம்மா, எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரிச்சுத் தாங்கோவன். அப்பாவுக்குச் சொல்லமாட்டன்."

"கருங்காலி" என்றாள் சுலோஜனா. "முட்டைக்கு என்னைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ?"

"உங்கள ஆரிட்டக் காட்டிக் குடுக்கிறது? ஸ்டிரைக்கே உங்கடதானே."

"என்னட்டத்தான். நான் கேட்டதுக்கு நீயும் மறுமொழி சொல்லேல்லை. போ, கொத்தைத் தின்."

அன்றைக்குச் சின்னராசாவே அடுப்பில் இறங்கினார். கடலில் சமைத்த அனுபவம் உண்டு என்று சொல்லிக்கொண்டார். சோறு கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. மீனைத் தண்ணீரில் போட்டு உப்பும் புளியும் கொட்டியிருந்தார். நிருபன் ஒரு வாய் வைத்தான்.

"அப்பா, இது என்ன?"

"மீன்."

"அது தெரியுது, கண் முழிச்சுப் பாத்துக்கொண்டிருக்கு. இது என்ன கறி?"

"திண்டிட்டு எழும்படா."

"சமைக்கிறவள் ஒருத்தி இருக்கேக்க வாயைத் திறக்கேல்லை" என்று விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது. "இப்ப என்ன, மகனுக்கு ருசி தெரியுதாம்."

வேலிக்கு மேலால் அயல் பெண்கள் கேட்டார்கள். "என்ன சுலோ, ரெண்டு நாளாக் கறி மணத்தைக் காணேல்லை?"

"ஸ்டிரைக்" என்றாள்.

செய்தி வேலி தாண்டிக் கரைக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கவில்லை. சின்னராசா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, அவரோடு கடலுக்குப் போகிற பிரகலாதன் பல்லைக் காட்டினான்.

"என்ன அண்ணை, வீட்டில கதவடைப்பாம்?"

"உன்ர வேலையைப் பார்."

"ஒரு சொல்லுத்தானாமே. சொல்லிப்போட்டுத் தின்னுங்கோவன். காசே பணமே?"

"உனக்குத் தெரியாது" என்றார் சின்னராசா. வலையை வள்ளத்தில் போட்டார்.

வெளியில் எல்லாம் சிரிப்புத்தான். சுலோஜனாவும் சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள். ஆனால் தனியே ஓலையோடு இருக்கிற நேரம் வேறொரு நினைப்பு வந்து குடைந்தது. இவ்வளவு பசியிலும் ஒரு சொல் சொல்ல மாட்டேனென்கிற மனிதரிடம் சொல்ல ஒன்றும் இல்லையோ? கூடாது என்று சொல்லி நோகடிக்க மனமில்லாமல்தான் பேசாமலிருக்கிறாரோ? கோப்பையை வழித்துத் தின்றதெல்லாம் பசியில்தானோ? அப்படியென்றால் கடை வேண்டாம். பாக்கியரத்தினத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழைத்துக்கொண்டு இருக்கலாம். அன்றைக்கு இழைத்த சுளகு கோணலாக வந்தது. அதை அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னராசா கரையிலிருந்து வந்தார். கையில் நீலமாக ஏதோ இருந்தது. குசினிச் சுவரில் இருந்த ஆணியில் அதை மாட்டினார். நைலோன் நூலில் முடிச்சுப் போட்டுப் பின்னிய பெரிய பை. வள்ளத்தின் நிழலில் இருந்து காலை முழுக்கப் பின்னியிருக்கிறார்.

"என்ன இது?"

"வெங்காயம், பூடு போட்டுத் தூக்கலாம். கடைக்கு உதவும்."

சுலோஜனா அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். வலைக் கண்களுக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள்.

"முடிச்சு நல்ல இறுக்கம். கண் எல்லாம் ஒரே அளவு. வாய்க்கயிறு கொஞ்சம் கட்டை, அதை மாத்தோணும். மற்றும்படி திறமான பை. இப்பிடி நான் காசு குடுத்தும் வாங்கேலாது."

 சின்னராசா பக்கத்தில் திரும்பி நாவூறு கழியத் "தூ தூ" என்று துப்பினார். பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"என்ன, கை கழண்டு விழுந்திட்டுதோ?" என்றாள் சுலோஜனா. "நல்லதையும் சொன்னன், குறையையும் சொன்னன். எனக்கும் ஒண்டும் நடக்கேல்லை, உங்களுக்கும் ஒண்டும் நடக்கேல்லை. இவ்வளவுதான் நான் கேட்டது."

"பகிடி விடாத." அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "உன்ர வலக்கையைக் காட்டு."

காட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு பழைய தழும்பு, சுருங்கிய தோல்.

"இது எப்ப வந்தது?"

"கலியாணம் முடிச்ச புதுசில. பிட்டுப் பானை கவிண்டது. இப்ப என்னத்துக்கு அது?"

"அண்டைக்குக் காலமை நான் என்ன சொன்னனான் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"இல்லை."

"எனக்கு இருக்கு. அம்மா, அக்காமார் எல்லாரும் இருக்கேக்க, இப்பிடிப் பிட்டு என்ர சீவியத்தில நான் திண்டதில்லை, இந்தக் கைக்குத் தங்கக் காப்புத்தான் போடோணும் எண்டு சொன்னனான். பின்னேரம் கொதிதண்ணி ஊத்துப்பட்டுது. அதே கையில. நீ கத்தின கத்து இப்பவும் காதுக்குள்ள நிக்குது. அம்மா சொன்னா, வேற ஒண்டுமில்லை, உன்ர நாக்குத்தான்டா எண்டு. அண்டைக்குக் கட்டினனான் வாயை."

சுலோஜனா பையோடு அவருக்கு முன்னால் குந்தினாள்.

"கடையெண்டா எத்தினை சனம் வரும், எத்தினை நாக்கு" என்றார் சின்னராசா. "அதுக்கு மேல நானும் ஒண்டைச் சொல்லி அனுப்பவோ? உனக்குக் கை வேணுமே. அதுதான் பேசாமல் இருந்தனான்."

"இவ்வளவு காலமும்?"

"ஓம்."

"இஞ்சாருங்கோ" என்றாள் சுலோஜனா மெதுவாக. "அந்தப் பானையின்ர பிடி ஞாபகமிருக்கோ?"

"என்ன பிடி?"

"ஆணி கழண்டு ஆடிக்கொண்டு கிடந்த பிடி. ஒரு ஆணி வாங்கித் தட்டித் தாங்கோ எண்டு நான் ஒரு கிழமையாக் கத்தினனான். நீங்கள் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொல்லிச் சொல்லிக் கடலுக்குப் போனனீங்கள். அண்டைக்குப் பானையைத் தூக்கினன், பிடி கையோட வந்தது, பானை கவிண்டது. இதில உங்கட நாக்கு எங்க வந்தது?"

சின்னராசா அவளுடைய தழும்பை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். 

"அப்ப நாவூறு இல்லையெண்டு சொல்லுறியோ?"

"நாவூறு இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆணி இருக்கேல்லை. அது எனக்கு நல்லாத் தெரியும்."

முதலில் சிரித்தது அவள்தான். அடுத்த வளவுக் கோழி கலைந்தது. அவருக்கு உடனே சிரிப்பு வரவில்லை. ஒரு ஆணிக்காக இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்ததை நினைத்து நினைத்து, பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"இப்ப சொல்லுங்கோ" என்றாள். "நாளைக்குக் கூட்டம்."

"பரவாயில்லை."

"அது மீனுக்குச் சொல்லுற சொல்லு. எனக்கு வேற சொல்லு வேணும்."

சின்னராசா தொண்டையைச் செருமினார். நெடுங்காலம் ஓடாத எஞ்சினை இழுத்து இழுத்து உதைக்கிற மாதிரி இருந்தது.

"நல்லம்" என்றார். சுற்றிப் பார்த்தார். கூரை விழவில்லை. "நல்லம். கடலில உன்ர பிட்டுப் பார்சலை அவிழ்க்கேக்க பிரகலாதன் தன்ர பாணைத் தந்திட்டு மாத்துவமோ எண்டு கேப்பான். ஒவ்வொரு நாளும் கேப்பான். நான் குடுக்கிறேல்லை. அவன் அங்கால திரும்பேக்க ஒளிச்சுத் தின்னுறனான்."

"உண்மையாவோ?"

"கேள். கூதல் நாளையில நீ வைக்கிற கீரிமீன் சொதி இருக்கே, அதைக் குடிச்சாத்தான் எனக்குக் கால் சூடேறும். சுறா வறைக்கு நீ என்ன போடுறியோ தெரியாது, ஆனா அண்டைக்கு நான் கோப்பையை வழிச்சது நீ காணேல்லையோ?"

"கண்டனான். பசியெண்டு நினைச்சனான்."

"பசியில்லையடி. கத்தரிக்காய்ப் பால்கறி வச்ச அண்டைக்கு, நீ குளிக்கப் போன நேரம், நான் திரும்ப வந்து சட்டிக்குள்ள கையை விட்டனான்."

"அது பூனையெண்டு நினைச்சு நான் பூனையை அடிச்சனான்!"

"தெரியும். பாவம் அது."

சுலோஜனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த தண்ணீரா, வேறு தண்ணீரா என்று அவளே யோசிக்கவில்லை. சின்னராசா நிற்கவில்லை. ஒருமுறை கிளம்பிய எஞ்சின்.

"நீ மட்டும் என்ன திறம்?" என்றார். "நான் கொண்டு வாற மீனைப் பற்றி நீ ஒரு நாள் ஒரு சொல்லுச் சொன்னனியோ?"

அவள் யோசித்தாள். சொன்னதில்லை. வாங்கி வைத்து வெட்டுவாள். முள் கூடினால் மட்டும் சத்தம் போடுவாள்.

"இல்லை" என்று ஒப்புக்கொண்டாள். "உங்கட கணவாய் மாதிரிச் சந்தையில கிடைக்காது. எனக்கெண்டு நல்லதை எடுத்து வச்சுக்கொண்டு வாறீங்கள். அது தெரிஞ்சுதான் அண்டைக்கு அப்பிடிச் சமைச்சனான்."

சின்னராசா அரைவாசி துப்பப் போனார். பிறகு விழுங்கிவிட்டார்.

"ஆனா ஒண்டு" என்றார்.

"என்ன?"

"உன்ர சாம்பார் கூடாது."

"என்னது?"

"கூடாது. அண்டு தொடக்கம் கூடாது. வெள்ளிக்கிழமையில வயித்துக்குத்து எண்டு நான் படுக்கிறது அதுக்காகத்தான்."

வாசலில் நிருபன் நின்றான். எப்போது வந்தானோ. "ஓம் அம்மா" என்றான். "சாம்பார் எனக்கும் ஏலாது. நான் வெள்ளிக்கிழமையில ஓவர்டைம் எண்டு சொல்லுறது பொய்."

"மற்றக் கறியெல்லாம்?"

"சும்மா திறம் அம்மா. கம்பனியில என்ர சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தா நாலு பேர் கையை விடுவாங்கள். நான் மூடியைப் பிடிச்சுக்கொண்டுதான் தின்னுறனான்."

சுலோஜனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வரவில்லை. வரவே மாட்டேனென்றது. கூடாது என்ற சொல்லைச் சொல்லக்கூடிய வாய் சொன்ன நல்லம் அல்லவா? அப்படியென்றால் பிட்டு, சொதி, சுறா வறை பற்றிச் சொன்னதையும் நம்பலாம். தன் கை எங்கே நிற்கிறது என்று முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது. கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"பாக்கியம் அக்கா, ஓம். கடையை நான் எடுக்கிறன். ஆனா சாம்பார் போடமாட்டன்."

"ஏனடி? வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டுக்கு?"

"பருப்பும் பால்கறியும் வைக்கிறன். சாம்பார் எனக்கு வராது அக்கா. வீட்டில விசாரிச்சுப்போட்டன்."

"மூண்டு நாளா உன்ர வீட்டில ஏதோ பிரச்சினையெண்டு கேள்விப்பட்டன்?"

"முடிஞ்சுது. கோரிக்கையை ஏற்றுக்கொண்டிட்டினம்."

போனை வைத்துவிட்டுக் கவிழ்த்துக் கிடந்த பானையை நிமிர்த்தினாள். நிருபன் ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தான். யாரும் சொல்லாமலே சின்னராசா தேங்காய் திருவத் திருவலைக்கு முன்னால் குந்தினார்.

நிலாவெளி வீதியில் கடை திறந்த அன்று, சுலோஜனா இருட்டோடு போய் அடுப்பு மூட்டிவிட்டாள். நீத்துப்பெட்டிகளில் ஆவி எழும்பியது. பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, கட்டைச் சம்பல், மீன் சொதி. விடிந்ததும் முதல் ஆளாக ஒரு வான் சாரதி வந்தான். இளம் பொடியன், நல்ல பசி போல. தலை நிமிராமல் தின்றான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றான். கையைக் கழுவினான், காசைக் கொடுத்தான், வானில் ஏறினான். ஒரு சொல் சொல்லவில்லை.

சுலோஜனா அகப்பையோடு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிக் கேட்கலாமா என்று வாயெடுத்தாள். புதுக்கடை, முதல் ஆள். கூச்சம் தடுத்தது.

கடலால் வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் வாசல் கதிரையில் இருந்த சின்னராசா எழும்பினார். போய் வானின் முன்னால் நின்று கையைக் காட்டினார்.

"தம்பி, இறங்கும்."

"என்ன ஐயா, காசு குடுத்திட்டன்."

"காசை ஆர் கேட்டது? சாப்பாடு எப்பிடி?"

பொடியன் முழித்தான். "ஏன் ஐயா?"

"திண்டனீர்தானே? நல்லமோ கூடாதோ எண்டு சொல்லிப்போட்டுப் போம். சமைச்ச ஆள் உள்ளுக்கு நிக்கிறா."

பொடியன் வான் யன்னலால் தலையை நீட்டிக் கடைக்குள் பார்த்தான். அகப்பையோடு ஒரு பெண் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டான்.

"உள்ளதைச் சொல்லட்டோ?"

"உள்ளதைத்தான் சொல்லோணும்."

"பிட்டு சொல்லி வேலையில்லை, அவ்வளவு திறம் அன்ரி! பால்கறியும் அப்பிடித்தான்" என்று கத்தினான். கொஞ்சம் தயங்கினான். "சம்பலுக்கு மட்டும் உறைப்புக் காணாது."

"கேட்டுது மகன்!" என்று உள்ளேயிருந்து பதில் கத்தினாள் சுலோஜனா. செத்தல் மிளகாய்ப் போத்தலைத் திறந்து ஒரு கைப்பிடி அள்ளி அம்மியில் போட்டாள்.